பூச்சிக்காகச் செய்தது

தொழிற்சாலையில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பூச்சியம்மா என்றார்கள். முதலில் அது முதுகுக்குப் பின்னால் வைத்த பேர். ஒருநாள் அவள் காதிலேயே விழுந்து, அவளும் சிரித்துவிட்டதால், அதற்கப்புறம் முகத்துக்கு நேராகவே சொல்ல ஆரம்பித்தார்கள்.

பேர் பொருத்தமாகத்தான் இருந்தது. அவளுடைய ஆய்வுக்கூடத்தின் சுவர்களை ஒட்டி வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். அசுவினி, இலைப்பேன், மாவுப்பூச்சி, கிழங்கு வண்டு என்று விவசாயி சபிக்கும் அத்தனையும் அங்கே சொகுசாக வளர்ந்தன. நேரத்துக்குத் தளிர் இலை, பதமான சூடு, பஞ்சில் நனைத்த தண்ணீர். கண்ணும் கருத்துமாக வளர்த்து, கொழுத்த பிறகு ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு புது மருந்தைத் தெளித்து, எது எவ்வளவு சீக்கிரம் சாகிறது என்று பார்ப்பது அவள் வேலை. ரசாயனத்தில் முனைவர் பட்டம் வாங்கியது இதற்குத்தானா என்று அவள் அப்பா ஒருமுறை கேட்டார். இதற்குத்தான் என்று அவள் சொன்னாள். அந்த வருடங்களில் விளைந்ததில் பெரும்பங்கைப் பூச்சிதான் தின்றுகொண்டிருந்தது; மளிகைக் கடை வாசல்களில் வரிசை நின்றது. பழைய மருந்துகளில் ஈயமும் ஆர்சனிக்கும் இருந்தன. அவை பூச்சியோடு சேர்த்துத் தெளிக்கிறவனையும் மெல்ல மெல்லக் கொன்றன. பூச்சியை மட்டும் கொன்றுவிட்டு, பிறகு மழையிலும் வெயிலிலும் கரைந்து போய்விடுகிற ஒன்று வேண்டும். அதைத்தான் அவள் தேடினாள்.

கணவனின் சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் வீடு. கணவனின் அம்மாவுக்குப் பேருந்து நிலையத்தில் பத்திரிகைக் கடை இருந்தது. விற்பதற்கு முன் எல்லாப் பத்திரிகையையும் தானே படித்துவிடுவாள். வாங்க வருகிறவனிடம் செய்தியையும் சொல்லி, அந்தச் செய்தியில் எது பொய் என்பதையும் சொல்லித்தான் பத்திரிகையை நீட்டுவாள். கணவனின் தம்பி, சுருட்டை முடிக்காரன், பூச்சியம்மா வேலை செய்த தொழிற்சாலையிலேயே குழாய் பொருத்துபவன். வீட்டில் சத்தம் என்று ஏதாவது இருந்தால் அது அவன்தான்.

"அண்ணி, இன்னிக்கு எத்தனை கொலை?" என்று மாடிப்படியிலேயே கேட்டுக்கொண்டு வருவான்.

"எண்ணலடா. முறத்துல வாரிக் கொட்டினோம்."

"இப்படிப் பேசுறவங்க கையால நாம சாப்பிடுறோம் பாருண்ணே," என்பான் அண்ணனிடம். அண்ணன் பதில் பேசமாட்டார். சைக்கிள் கடைக்காரர் வாய் திறப்பது அபூர்வம். திறந்தால் எதையாவது வாரிவிட்டு மூடிக்கொள்வார்.

பாஸ்பரஸ் சேர்ந்த சேர்மங்களில் அவள் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மூலையில் சின்ன மாற்றம், இன்னொரு மூலையில் இன்னொரு மாற்றம். பெரும்பாலானவை ஒன்றுக்கும் உதவவில்லை. சில, பூச்சிகளைக் கொஞ்சம் மயங்க வைத்தன. பிறகு ஒன்று வந்தது. தண்ணீர் போல நிறமற்ற திரவம். முகர்ந்தால் பழம் லேசாக அழுகிய வாசனை என்று உதவியாளப் பெண் சொன்னாள். அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாத அளவுக்குத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தார்கள். பெட்டியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இன்னும் தண்ணீர் கூட்டிக் கரைத்தார்கள். அப்போதும் மிஞ்சவில்லை.

"கிடைச்சிடுச்சு மேடம்," என்றாள் அந்தப் பெண். அன்று இருவரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை புட்டியிலிருந்து ஒரு சொட்டு மேஜைமேல் விழுந்தது. பூச்சியம்மா துணியால் துடைத்துப் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அறை மங்கியது.

"கரண்ட் கொறஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

"எனக்கும் அப்படித்தான் இருக்கு மேடம். வெளியில மேகம் போல."

ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வெயில் அடிப்பது தெரிந்தது, ஆனால் அது சாயங்கால வெயில் போல இருந்தது. மூக்கில் நீர் வடிந்தது. நெஞ்சை யாரோ கயிற்றால் கட்டி இறுக்குவது போல மூச்சு முட்டியது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் கண்களில் கருமணியே இல்லை. கூர்ந்து பார்த்தபோது ஊசியால் குத்தியது போல ஒரு புள்ளி இருந்தது. தன் கண்களும் அப்படித்தான் இருக்கும் என்று பூச்சியம்மாவுக்குப் புரிந்தது. பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே புல்தரைக்கு ஓடினாள்.

அன்று மாலை கணவர் கடையிலிருந்து டார்ச் எடுத்துவந்து அவள் கண்ணில் அடித்துப் பார்த்தார். உடனே கடையைச் சாத்திவிட்டு, சைக்கிளின் பின்னால் அவளை உட்காரவைத்துக் கண் மருத்துவரிடம் கொண்டுபோனார். மருத்துவர் ஆச்சரியப்பட்டார். கண்ணைச் சோதிக்கும்போது கருமணியை விரிய வைக்கப் போடும் அட்ரோபின் சொட்டு மருந்தைப் போட்டார். வழக்கமாக ஒரு சொட்டுக்கே விரிந்துவிடும் கருமணி, அவளுக்குத் திரும்பத் திரும்பப் போட்ட பிறகுதான் தயங்கித் தயங்கி விரிந்தது.

படுக்கையில் கிடந்த நாட்களில் அவளுக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. இது பூச்சி மருந்து ஆகாது. இதைத் தோட்டத்தில் தெளித்தால் தெளிக்கிறவன் வரப்பைத் தாண்டமாட்டான். ஒரு வருட வேலை வீண். இன்னும் சாதுவான ஒன்றைத் தேட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

தேறி வேலைக்குத் திரும்பியபோது நிர்வாகி அவளை அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். எப்போதும் நிற்க வைத்தே பேசுகிறவர்.

"நீங்க அதைத் தூக்கிப் போட்டுடலாம்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார். ரொம்ப வீரியம். மனுஷங்க கிட்ட கொண்டுபோக முடியாது."

"அதான் விஷயம். அவ்வளவு வீரியமா எது வந்தாலும் ராணுவத்துக்குத் தெரியப்படுத்தணும்னு சட்டம் இருக்கு. நான் தெரியப்படுத்திட்டேன். நாளைக்கு வர்றாங்க."

வந்தவர் ஒரு கர்னல். மரியாதையான மனிதர், அவளை டாக்டர் என்று கூப்பிட்டார். கண்ணாடி அறை ஒன்றில் ஒரு நாயை விட்டிருந்தார்கள். தெருவில் எங்கும் பார்க்கக்கூடிய, காது ஒன்று மடிந்த நாய். அது கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவளைப் பார்த்து வாலாட்டியது. மேலேயிருந்த துளை வழியாக ஒரு துளி ஆவி உள்ளே விடப்பட்டது. நாய் தும்மியது. வாயில் எச்சில் வடிந்தது. பிறகு கால்கள் நான்கும் தனித்தனியே துடித்தன. உடம்பு அதன் பேச்சைக் கேட்கவில்லை. பூச்சியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தபோது முடிந்திருந்தது. கர்னல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"வலி இருக்குமா, டாக்டர்?"

"மூச்சு நிக்கிற வரைக்கும் நினைவு இருக்கும்னு நினைக்கிறேன்," என்றாள்.

கர்னல் தலையாட்டினார். அதை அவர் கெட்ட செய்தியாக எடுத்துக்கொண்டாரா நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்று ரகசியக் காப்புப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். வீட்டில்கூட வாய் திறக்கக் கூடாது. திறந்தால் சிறை.

தொழிற்சாலையின் கோடியில் சுவர் எழுப்பி ஒரு புதுக் கட்டடம் வந்தது. உள்ளே வெள்ளி பூசிய குழாய்கள், இரட்டைக் கதவுகள், ரப்பர் உடுப்புகள். அங்கே வேலைக்குப் போகிறவனுக்குச் சம்பளம் கூட. பூச்சியம்மாவுக்கு அந்தப் பக்கம் வேலையில்லை. அவள் தன் பெட்டிகளுக்குத் திரும்பிவிட்டிருந்தாள். அதனால் சுருட்டைமுடிக்காரன் ஒரு மாலை மிட்டாய்ப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்து, தன்னைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று சொன்னபோதுதான் அவளுக்கே தெரிந்தது.

அத்தை ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "அப்ப இனிமே பொண்ணு பாக்கலாம்," என்றாள்.

"என்னைப் பாத்துட்டு எந்தப் பொண்ணும்மா வேணாம்னு சொல்லும்?"

"பாத்தா சொல்லாது. நீ வாயத் தொறந்தா சொல்லும்," என்றார் அண்ணன்.

எல்லோரும் சிரித்தார்கள். பூச்சியம்மா பாத்திரம் கழுவ எழுந்து போனாள். கொஞ்ச நேரத்தில் கொழுந்தன் பின்னாலேயே வந்தான். அவனுக்கு அவள் முகத்தைப் படிக்கத் தெரியும்.

"என்ன அண்ணி?"

குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் பேசினாள். "நான் சொல்லக் கூடாது. சொல்றேன். யார்கிட்டயும் சொல்லாத. அங்க ஓடுறது பூச்சி மருந்து இல்ல. நம்ம உடம்புல, கையை மடக்குன்னு நரம்பு ஒரு சேதி அனுப்புது. சேதி போய்ச் சேர்ந்ததும் அதை அழிக்கிறதுக்குன்னு உடம்புலயே ஒண்ணு இருக்கு. இது அதைக் கட்டிப் போட்டுடும். மடக்கு, மடக்கு, மடக்குன்னு சேதி அழியாமலே நிக்கும். நெஞ்சுக்கும் அப்படித்தான். கண்ணு மங்குச்சுன்னா, மூக்கு ஒழுகுச்சுன்னா, எதையும் யோசிக்காத. வெளிய ஓடு. உடுப்பைக் கழட்டி எறி. தண்ணியில நில்லு."

அவன் கேலி செய்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் செய்யவில்லை. "உங்களுக்கு அன்னிக்கு வந்தது அதுதானா?" என்று மட்டும் கேட்டான்.

"அதுதான். வேற இடம் கேளு. நான் நிர்வாகிகிட்ட பேசுறேன்."

"வேணாம் அண்ணி. நீங்க பேசினா, எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேப்பாங்க. நான் பாத்துக்கிறேன்."

அதற்கப்புறம் அவளுக்குப் பூச்சிப் பெட்டிகளில் மனம் நிற்கவில்லை. கண் மருத்துவரின் சொட்டு மருந்தே நினைவில் வந்துகொண்டிருந்தது. இறுகிப்போன கருமணியை அது விரிய வைத்தது என்றால், இறுகிய மூச்சுக்குழாயையும் தளர்த்தலாம் இல்லையா? எலிகளில் செய்து பார்த்தாள். விஷம் கொடுத்ததும் தாமதிக்காமல் அட்ரோபினை ஊசியாகப் போட்டால் சில எலிகள் பிழைத்தன. தாமதித்தால் பிழைக்கவில்லை. விஷம் அதிகமானால் எவ்வளவு போட்டாலும் பிழைக்கவில்லை. புதுக் கட்டடத்தின் ஒவ்வொரு கதவருகிலும் ஓர் ஊசிப்பெட்டி வைக்க வேண்டும் என்று நிர்வாகியிடம் போய் நின்றாள்.

"நல்ல யோசனை. ராணுவத்தோட அனுமதி வேணும். கேட்டுச் சொல்றேன்," என்றார் அவர்.

கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் கண் மருத்துவரிடம் கெஞ்சி வாங்கிய கொஞ்ச மருந்தை ஒரு தகரப் பெட்டியில் ஊசியோடு போட்டுத் தன் மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டாள்.

ஒரு நண்பகல், சாப்பாட்டு மணி அடித்துக் கொஞ்ச நேரம் கழித்து, புதுக் கட்டடத்திலிருந்து சைரன் கேட்டது. அவள் தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள். காவலாளி தடுத்தான், அவனைத் தள்ளிக்கொண்டு போனாள்.

முற்றத்தில் கொழுந்தன் கிடந்தான். காலி செய்தாகிவிட்டது என்று சொல்லப்பட்ட குழாய் ஒன்றை அவன் பழுதுபார்க்கக் கழற்றியிருக்கிறான். மேல் வளைவில் மிச்சம் நின்றிருந்தது, அவன் ரப்பர் உடுப்பின் கழுத்து வழியே உள்ளே இறங்கிவிட்டது. பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த வெல்டர் அவனைத் தோளில் தூக்கி வெளியே கொண்டுவந்து, உடுப்பை வெறுங்கையால் கிழித்து எறிந்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றியபடியே அவருடைய மூக்கும் வாயும் ஒழுக ஆரம்பித்திருந்தன.

பூச்சியம்மா மண்டியிட்டாள். கொழுந்தனின் உடம்பு முழுவதும் தோலுக்கு அடியில் புழு நெளிவது போலத் துடித்தது. வாயில் நுரை. அவன் கண்கள் திறந்திருந்தன. ஊசியை அவன் தொடையில் இறக்கினாள். இன்னொன்றையும் போட்டாள். வாயோடு வாய் வைத்து ஊதி மூச்சு கொடுக்க முடியாது. அவன் வாயைத் தொட்டால் அவளும் விழுந்துவிடுவாள். குப்புறத் திருப்பி முதுகை அழுத்தி அழுத்தி விட்டாள். ஒருமுறை காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது போல இருந்தது. மறுபடி கேட்கவில்லை.

பின்னால் வாளி கீழே விழுந்தது. வெல்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பார்த்தார், முடியவில்லை, உட்கார்ந்தார். "எனக்கு இருட்டுது, அம்மா," என்றார்.

பெட்டியில் இன்னும் இருந்தது கொஞ்சம்தான். அதை அவள் கையில் வைத்திருந்தாள். கொழுந்தன் அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தான். அவன் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். நூல் அளவுக்கு ஏதோ ஓடியது, அல்லது ஓடியது அவளுடைய விரலின் நாடிதான். எலிகள் நினைவுக்கு வந்தன. அவள் எழுந்து போய், மிச்சம் இருந்ததெல்லாவற்றையும் வெல்டருக்குப் போட்டாள்.

வெல்டர் பிழைத்தார். ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது அவர் மூச்சு சிரமத்தோடாவது ஓடிக்கொண்டிருந்தது. கொழுந்தனுடையது நின்றுபோயிருந்தது.

செய்தி பத்திரிகையில் நான்கு வரியில் வந்தது. தொழிற்சாலை ஊழியர் பணியின்போது மாரடைப்பால் காலமானார். அத்தை தன் கடையிலேயே, தான் விற்கிற பத்திரிகையிலேயே அதைப் படித்தாள். அன்று கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து, பூச்சியம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். மூத்த மகன் ஜன்னலோரம் நின்றிருந்தார்.

"மாரடைப்புன்னு போட்டிருக்கான். கல்யாணம் ஆகாத பையனுக்கு, ஒருநாள் காய்ச்சல்னு படுக்காதவனுக்கு. நீ பக்கத்துல இருந்தியாமே. நீ சொல்லு."

பூச்சியம்மாவிடம் நிர்வாகி காலையிலேயே பேசியிருந்தார். கையெழுத்து நினைவிருக்கட்டும் என்று சொல்லியிருந்தார்.

"மாரடைப்பு இல்ல அத்தை. விஷம்."

"எந்த விஷம்?"

"பூச்சிக்காக நான் செஞ்சது. பூச்சிக்கு ஆகாதுன்னு தெரிஞ்சதும் ராணுவத்துக்காரங்க எடுத்துக்கிட்டாங்க."

அத்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுக்கு மருந்து கிடையாதா?"

"இருந்துச்சு. கொஞ்சம் இருந்துச்சு. இவனுக்கு ரெண்டு ஊசி போட்டேன். மிச்சத்தை அந்த வெல்டருக்குப் போட்டேன்."

"ஏன்?"

"அவர் பொழைப்பாருன்னு தோணுச்சு."

"இவனுக்கே போட்டிருந்தா?"

"பொழச்சிருக்க மாட்டான்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா? நிச்சயமா தெரியுமா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜன்னலோரம் நின்ற கணவரும் அவள் அதைச் சொல்ல வேண்டும் என்பது போலத்தான் பார்த்தார்.

"தெரியாது, அத்தை," என்றாள் பூச்சியம்மா.

அத்தை எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகை கேட்கும் என்று இருவரும் காத்திருந்தார்கள். எதுவும் கேட்கவில்லை. அதற்கப்புறம் பல மாதங்கள் அத்தை அவளோடு நேராகப் பேசவில்லை. பேசவேண்டியதெல்லாம் மகன் வழியாகத்தான் போனது. "அவளைச் சாப்பிடச் சொல்லு." "குடை எடுத்துட்டுப் போகச் சொல்லு, மழை வரும்." மூன்று பேரும் ஒரே அறையில் இருக்கும்போதும் அப்படித்தான். கணவர் ஒவ்வொன்றையும் அப்படியே திருப்பிச் சொன்னார். அவர் அதைக் கேலியாக்கவில்லை.

நிர்வாகி திரும்பவும் கூப்பிட்டார். இந்த முறை கர்னலும் இருந்தார். அனுதாபம் சொன்னார்கள்; உண்மையாகத்தான் சொன்னார்கள் போலிருந்தது. பிறகு விஷயத்துக்கு வந்தார்கள். அவளுடைய வரிசையில் அடுத்தடுத்து வரக்கூடியவை இன்னும் வீரியமாக இருக்கலாம் என்று மற்ற வேதியியலாளர்கள் சொல்கிறார்கள். அதை அவளே முன்னின்று செய்தால் நல்லது.

"முடியாது சார்."

"நாம செய்யலன்னா எதிரி செய்வான், டாக்டர்," என்றார் கர்னல். "செஞ்சிட்டான்னா, நம்மகிட்ட இல்லாமப் போனா?"

"எதிரி செய்யமாட்டான்னு நான் சொல்லல. நான் செய்யலன்னு சொல்றேன்."

"நீங்க இல்லன்னா வேற யாராவது செய்வாங்க."

"தெரியும்," என்றாள். அன்றே அவளுடைய மேஜையைக் காலி செய்யச் சொன்னார்கள். வெளியே வரும்போது உதவியாளப் பெண் கண்ணாடிப் பெட்டிகளுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லாமலே அவள் தொடர்ந்து போட்டுக்கொண்டிருந்தாள். பூச்சிகளுக்கு எதுவும் தெரியாது.

வேறு யாரோ செய்தார்கள். அவளுக்கும் அது காதில் விழுந்தது. அவள் கண்ட விஷத்துக்கு அதைவிடக் கொடிய தங்கச்சிகள் பிறந்தன.

வெல்டர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி வெகுநாள் ஆன பிறகு, ஒரு காலை பத்திரிகைக் கடைக்கு முன் வந்து நின்றார். கைத்தடி வைத்திருந்தார்.

"அம்மா, நான்..."

"தெரியும். உட்காரு," என்றாள் அத்தை.

பலகையில் உட்கார்ந்தார். அத்தை வாடிக்கையாளர்களைக் கவனித்தாள். கூட்டம் குறைந்ததும், "பசங்க எத்தனை?" என்று கேட்டாள்.

"ரெண்டு பொண்ணும்மா. பெரியவ ஸ்கூலுக்குப் போறா."

அத்தை அன்றைய பத்திரிகை ஒன்றை மடித்து அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டியபோது கை நடுங்கி, தாள்கள் சரசரவென்று சத்தம் போட்டன. அதை நிறுத்த இன்னொரு கையால் பிடித்தார். அதுவும் நடுங்கியது.

அன்று மாலை மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அத்தை மகனைப் பார்க்காமல் மருமகளைப் பார்த்தாள்.

"அந்த வெல்டருக்குக் கை நடுங்குதே. சரியாகுமா?"

கணவர் வழக்கம்போல வாய் திறக்கப் போனார். கேள்வி தன் வழியாகப் போக வேண்டியதில்லை என்று புரிந்து மூடிக்கொண்டார்.

"கொஞ்சம் கொஞ்சமா ஆகும் அத்தை. முழுசா ஆகுமான்னு சொல்ல முடியாது."

"அப்ப நீ போய்ப் பாத்துட்டு வா. உனக்குத்தான அது என்னன்னு தெரியும்."

போய்ப் பார்த்தாள். அவருக்காக அரசு ஆஸ்பத்திரிக்கு நடந்ததில் விஷ சிகிச்சைப் பிரிவின் மருத்துவர் பழக்கமானார். அங்கே அவளுக்கு இன்னொன்று தெரியவந்தது. வயலில் மருந்து தெளிக்கிறவர்கள் அங்கே வந்துகொண்டிருந்தார்கள். எச்சில் வடிய, கருமணி சுருங்கி, மூச்சு முட்டி. அவள் தேடிய அந்தச் சாதுவான மருந்து, அவள் வெளியேறிய பிறகு அதே ரசாயனக் குடும்பத்தில் கிடைத்திருந்தது. பச்சை இலை படம் போட்ட டின்களில் ஊர் ஊராக விற்றது. விளைச்சல் கூடியது உண்மை. அதனால் பசி ஆறியவர்களும் உண்டு. ஆனால் வெறுங்கையால் கலக்கி, காற்றுக்கு எதிராகத் தெளிக்கிறவனுக்கு அது கொஞ்சம் மெதுவான அதே விஷம். வலிப்பு என்றும் காலரா என்றும் நினைத்து மருத்துவர்கள் அவர்களைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் சொல்லிக்கொடுத்தாள். முதலில் உடையைக் கழற்றுங்கள், குளிப்பாட்டுங்கள், கண்ணைப் பாருங்கள், அட்ரோபின் போடுங்கள், நெஞ்சின் கரகரப்பு காயும்வரை திரும்பத் திரும்பப் போடுங்கள், மூச்சு கொடுப்பதை நிறுத்தாதீர்கள். ரகசியக் காப்பைப் பற்றி அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லிக்கொடுத்திருப்பாள்.

போர் ஒன்று வந்து போனது. புதுக் கட்டடத்தில் நிறைந்திருந்த பீப்பாய்கள் கடைசிவரை எவர் தலையிலும் கொட்டப்படவில்லை. எதிரி பயந்தானா, இவர்கள் பயந்தார்களா, காரணம் யாருக்கும் சரியாகத் தெரியாது. பின்னர் அவற்றைக் கப்பலில் ஏற்றி ஆழ்கடலில் இறக்கிவிட்டதாகச் சொன்னார்கள். இரும்பு துருப்பிடிக்க எத்தனை வருடம் ஆகும் என்று கணவர் கேட்டார். சைக்கிள் கடைக்காரருக்குத் துருவைப் பற்றித் தெரியும்.

வெகுகாலம் கழித்து ஒரு காலை, முடி முழுக்க நரைத்துவிட்ட அத்தை, கடையிலிருந்து ஆள் அனுப்பி அவளை வரச்சொன்னாள். பத்திரிகையின் முதல் பக்கத்தை அவள் முன் விரித்தாள். தூர தேசத்து ஊர் ஒன்று. விமானம் வந்து போயிருக்கிறது. படத்தில் மாடிப்படியில் ஒரு குடும்பம் கிடந்தது. இறங்கப் பார்த்தவர்கள், ஏறப் பார்த்தவர்கள். காயம் எதுவும் இல்லை.

"இது உன்னுதா?"

"இல்ல அத்தை. ஆனா அதே விஷக் குடும்பம்தான்."

"ஊசி இருந்துச்சாமா அங்க?"

பூச்சியம்மா கீழே வரை படித்தாள். "சில டாக்டருங்க கண்ணைப் பாத்துக் கண்டுபிடிச்சிருக்காங்க. போட்டிருக்காங்க. மருந்து பத்தல."

அத்தை பத்திரிகையை மடித்தாள். மடித்ததை மறுபடி பிரித்து, அந்தப் படத்தையே பார்த்தாள். "நீ இத செய்யாம இருந்திருந்தா?" என்று கேட்டாள். குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்வி.

"வேற யாராவது கண்டுபிடிச்சிருப்பாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க."

"நீ என்ன சொல்ற?"

"நான் கண்டுபிடிச்சேன். அதுதான் எனக்குத் தெரியும்."

பேருந்து ஒன்று வந்து நின்று ஆட்களை இறக்கியது. ஒருவர் காசை நீட்டிக்கொண்டு நின்றார். அத்தை அவரிடம் செய்தி எதுவும் சொல்லாமல் பத்திரிகையைக் கொடுத்தாள். பிறகு மருமகளிடம், "உனக்கு ஆஸ்பத்திரிக்கு நேரமாகல?" என்றாள்.

அன்று புது மருத்துவர்களுக்கு வகுப்பு இருந்தது. அவள் பேச ஆரம்பித்த சிறிது நேரத்தில் வெளியே கூச்சல் கேட்டது. மாட்டு வண்டி ஒன்றில் ஓர் ஆளைக் கொண்டுவந்திருந்தார்கள். சட்டை முழுக்க மருந்து நனைந்திருந்தது. அவன் மனைவி கூடவே ஓடிவந்தாள். அவள் கையிலும் அந்த வாசனை இருந்தது. இளம் மருத்துவர்கள் வகுப்பை விட்டு ஓடினார்கள். யாரும் பூச்சியம்மாவைக் கேட்கவில்லை. ஒருவர் சட்டையைக் கிழித்தார். ஒருவர் மனைவியைக் குழாயடிக்கு அனுப்பிக் கழுவச் சொன்னார். ஒருவர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஊசி கேட்டார். பூச்சியம்மா சுவரோரம் நின்றாள். அலமாரியில் மருந்து போதுமான அளவு இருந்தது, காலையில்தான் பார்த்திருந்தாள்.

ஈரப் புடவையோடு அந்தப் பெண் வந்து அவள் பக்கத்தில் நின்றாள். "பூச்சி மருந்துதாம்மா. எல்லாரும் அடிக்கிறதுதான்," என்றாள். "பொழச்சுடுவாராம்மா?"

பூச்சியம்மா படுக்கையில் கிடந்தவனின் நெஞ்சைப் பார்த்தாள். கரகரப்பு குறைந்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது.

"பொழச்சுடுவாரு," என்றாள். "மூச்சு சீராகிற வரைக்கும் இங்கயே நில்லு. நானும் நிக்கிறேன்."